ஓம் குறைந்தால் பாஸ் கூடுமா? கார் சப்வூஃபரை ஆம்ப்ளிஃபயரோடு இணைப்பதன் அடிப்படை

காரில் சப்வூஃபர், அதாவது பாஸ் எனும் அடிநாதத்துக்கான ஸ்பீக்கர், மாட்டுவதைப் பற்றிப் பேச்செடுத்தாலே ஒரு அறிவுரை வந்து நிற்கும்: “ஒரு ஓமுக்கு இறக்கிவிடு, பவர் டபுள் ஆகும்.” இதில் பாதி உண்மை இருக்கிறது. சொல்லாமல் விட்ட மறுபாதிதான் ஆம்ப்ளிஃபயரைக் கருக வைக்கிறது. ஓம் என்பது வூஃபரின் தரமோ பலமோ அல்ல. ஆம்ப்ளிஃபயரின் தோளில் நீங்கள் ஏற்றும் சுமையின் அளவு அது. அந்தச் சுமை எவ்வளவு என்பதை வூஃபர் மட்டும் தீர்மானிப்பதில்லை, நீங்கள் வயரை இணைக்கும் விதமும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது. இது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் கூட்டல், வகுத்தல் கணக்குதான்.

பம்பும் குழாயும்

தண்ணீர் பம்பு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். பம்பு தள்ளும் அழுத்தம்தான் வோல்ட். குழாயில் ஓடும் தண்ணீரின் அளவு ஆம்பியர், அதாவது கரண்ட். குழாய் எவ்வளவு குறுகலாக இருக்கிறது என்பது ஓம். குழாய் குறுகலானால் தண்ணீர் குறைவாக ஓடும், அகலமானால் நிறைய ஓடும். அழுத்தத்தையும் ஓட்டத்தையும் பெருக்கினால் கிடைப்பது வாட், நாம் பவர் என்று சொல்வது.

சாதாரணப் பம்பில் குழாயை அகலமாக்கினால் அழுத்தம் குறைந்துபோகும். ஆம்ப்ளிஃபயர் அப்படி விட்டுக்கொடுக்காது. பாட்டு 20 வோல்ட் கேட்கிறது என்றால், எதிரே என்ன மாட்டியிருந்தாலும் 20 வோல்ட்டைத் தரத்தான் பார்க்கும். 4 ஓம் இருந்தால் 5 ஆம்பியர் ஓடும், 100 வாட். 2 ஓம் இருந்தால் 10 ஆம்பியர், 200 வாட். 1 ஓம் இருந்தால் 20 ஆம்பியர், 400 வாட். “ஓமைக் குறைத்தால் பவர் டபுள்” என்ற பேச்சு பிறந்த இடம் இதுதான்.

கணக்கு சரி. ஆனால் அந்த 20 ஆம்பியரும் ஆம்ப்ளிஃபயருக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர்கள் வழியாகத்தான் போக வேண்டும். கரண்ட் கூடக் கூட அவை சூடாகும். பேட்டரியிலிருந்தும் அதற்கேற்றபடி இழுக்க வேண்டும். அதனால்தான் ஒவ்வொரு ஆம்ப்ளிஃபயருக்கும் ‘குறைந்தபட்ச லோடு’ என்று ஒரு எல்லை உண்டு: அது பாதுகாப்பாகத் தாங்கும் மிகக் குறைந்த ஓம். “1 ஓம் ஸ்டேபிள்” என்று போட்டிருந்தால் 1 ஓம் வரை இறங்கலாம், அதற்குக் கீழே கூடாது.

எல்லைக்கு மேலே இருக்கும்போதுகூட நிஜ ஆம்ப்ளிஃபயர்கள் பெரும்பாலும் சரியாக இரட்டிப்பதில்லை. 4 ஓமில் 300, 2 ஓமில் 500, 1 ஓமில் 800 வாட் என்பதுபோல ஒரு வரிசையைத்தான் கையேட்டில் பார்ப்பீர்கள். காதுக்கு இது என்ன வித்தியாசம் என்பதையும் பார்த்துவிடுவோம். பவர் சரியாக இரண்டு மடங்கானால் சத்தம் 3 டெசிபல் கூடும். 500-லிருந்து 800 வாட்டுக்குப் போனால் கிடைப்பது 2 டெசிபல். “சத்தம் இரண்டு மடங்காகிவிட்டது” என்று காது உணர ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும். அந்த 2 டெசிபலுக்காக ஆம்ப்ளிஃபயரை அதன் எல்லையில் நிறுத்துவது எனக்கு நல்ல பேரமாகத் தெரியவில்லை. வூஃபர் உட்காரும் பெட்டியின் கொள்ளளவைச் சரியாகக் கட்டினாலே அதைவிட நல்ல பலன் கிடைக்கும்.

இதுவரை பார்த்தது: ஓம் குறைந்தால் கரண்ட் கூடும், பவரும் கூடும், சூடும் கூடும். எவ்வளவு தூரம் இறங்கலாம் என்பதை ஆம்ப்ளிஃபயரின் குறைந்தபட்ச லோடு சொல்லும்.

4 ஓம் வூஃபர் மீட்டரில் ஏன் 3.4 காட்டுகிறது?

வூஃபரின் காகிதக் கூம்புக்குப் பின்னால், காந்த இடுக்கில், மெல்லிய கம்பியைச் சுற்றிய ஒரு சுருள் இருக்கிறது. அதுதான் வாய்ஸ் காயில். கரண்ட் ஓடும்போது காயில் முன்னும் பின்னும் அசைகிறது, கூடவே கூம்பும் அசைகிறது, சத்தம் வருகிறது.

மல்டிமீட்டரை வைத்தால் 4 ஓம் காயில் 3.2 முதல் 3.7 வரை காட்டும். உடனே வூஃபர் கெட்டுவிட்டது என்று நினைத்துத் திருப்பிக் கொடுக்கப் போகிறவர்கள் உண்டு. கெடவில்லை. மீட்டர் அளப்பது ஒரே திசையில் போகும் கரண்ட்டுக்குக் கம்பி காட்டும் தடையை மட்டும்தான். பாட்டு என்பது திசை மாறி மாறி ஓடும் கரண்ட். அதற்குக் காயில் காட்டும் மொத்த எதிர்ப்பின் பெயர் இம்பீடன்ஸ், அதுவும் ஓமில்தான் அளக்கப்படுகிறது. காந்தத்துக்குள் அசையும் காயில் தானே ஒரு எதிர் வோல்ட்டை உண்டாக்குவதால், இம்பீடன்ஸ் ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் மாறும். சில இடங்களில் லேபிளில் போட்ட எண்ணைப்போலப் பல மடங்கு ஏறும். லேபிளில் உள்ள 4 என்பது ஒப்பிடுவதற்காகப் பொதுவாகச் சொல்லும் எண். இணைப்புக் கணக்கை அந்த லேபிள் எண்ணை வைத்தே போடுங்கள். மீட்டர் காட்டுவது அதைவிடக் கொஞ்சம் குறைவாக இருந்தால் எல்லாம் சரி. முடிவில்லாத தடை காட்டினால் காயில் அறுந்திருக்கிறது. பூஜ்ஜியத்தை ஒட்டிக் காட்டினால் எங்கோ ஷார்ட்.

சீரிஸ், பேரலல்

பள்ளிப் பாடத்தில் தொடரிணைப்பு, பக்க இணைப்பு என்று படித்ததுதான். பட்டறையில் சீரிஸ், பேரலல்.

சீரிஸ் என்பது ஒரு குறுகிய குழாயின் முடிவில் இன்னொரு குறுகிய குழாயைச் சேர்ப்பது. தண்ணீர் இரண்டையும் தாண்டித்தான் வர வேண்டும், தடை கூடும். ஆம்ப்ளிஃபயரின் பிளஸ் முதல் காயிலின் பிளஸுக்கு. முதல் காயிலின் மைனஸ் இரண்டாவது காயிலின் பிளஸுக்கு. இரண்டாவதின் மைனஸ் ஆம்ப்ளிஃபயரின் மைனஸுக்கு. ஓம்களைக் கூட்டிக்கொள்ளுங்கள்: 4-ம் 4-ம் 8.

பேரலல் என்பது இரண்டு குழாயைப் பக்கத்தில் பக்கத்தில் திறந்துவிடுவது. வழி இரண்டானதால் தடை பாதியாகும். இரண்டு பிளஸையும் சேர்த்து ஆம்ப்ளிஃபயரின் பிளஸுக்கு, இரண்டு மைனஸையும் சேர்த்து மைனஸுக்கு. ஒரே ஓம் உள்ள காயில்கள் என்றால் எண்ணிக்கையால் வகுத்தால் போதும்: இரண்டு 4 ஓம் பேரலலில் 2, நான்கு 4 ஓம் பேரலலில் 1.

வெவ்வேறு ஓம் உள்ள வூஃபர்களைக் கலந்து மாட்டாதீர்கள். பேரலலில் குறைந்த ஓம் உள்ளது அதிகப் பவரை வாங்கிக்கொள்ளும், சீரிஸில் கூடிய ஓம் உள்ளது வாங்கிக்கொள்ளும். ஒன்று திணறும்போது இன்னொன்று சும்மா நிற்கும். ஒரே ஆம்ப்ளிஃபயரில் மாட்டுபவை ஒரே மாடலாக, ஒரே அளவாக இருக்கட்டும்.

இரட்டைக் காயில்: அதிகம் தவறுவது இங்கேதான்

இன்று விற்கும் பல சப்வூஃபர்களில் ஒரே கூம்புக்குப் பின்னால் இரண்டு வாய்ஸ் காயில்கள் இருக்கும். பெட்டியில் ‘இரட்டை 4 ஓம்’ என்றோ ‘4+4’ என்றோ போட்டிருப்பார்கள். வூஃபரில் இரண்டு ஜோடி முனைகள் இருக்கும். அந்த எண் ஒவ்வொரு காயிலுக்கும் உரியது. இரட்டை 4 ஓம் வூஃபரை “இது 4 ஓம் வூஃபர்” என்று நினைத்து வாங்குவது முதல் தவறு. அதைச் சீரிஸில் கட்டினால் 8, பேரலலில் கட்டினால் 2. இரண்டு காயிலையும் பயன்படுத்தி 4 ஓம் கொண்டுவர வழியே இல்லை.

அப்படியானால் ஒரு காயிலை மட்டும் இணைத்தால் 4 ஓம் வருமே என்று தோன்றும். வரும். ஆனால் வூஃபர் தாங்கும் பவர் பாதியாகிவிடும், கூம்பின் மேலுள்ள பிடியும் தளரும், பெட்டிக்காகப் போட்ட கணக்கும் மாறிவிடும். இரண்டு காயிலையும் சேர்த்தே இணையுங்கள்.

ஆகவே வாங்கும் வரிசையை மாற்றுங்கள். ஆம்ப்ளிஃபயர் எந்த ஓமில் உங்களுக்கு வேண்டிய வாட்டைத் தருகிறது என்று முதலில் பாருங்கள். பிறகு எத்தனை வூஃபர் என்று முடிவு செய்யுங்கள். எந்தக் காயில் வேண்டும் என்பது கடைசியில் தானே தெரிந்துவிடும்.

ஒரே வூஃபர்தான், 1 ஓம் வேண்டும் என்றால் இரட்டை 2 ஓம் வாங்கிப் பேரலலில் கட்டுங்கள். 2 ஓம் வேண்டும் என்றால் இரட்டை 4 ஓம், பேரலல். 4 ஓம் வேண்டும் என்றால் இரட்டை 2 ஓம், சீரிஸ்.

இரண்டு வூஃபர் என்றால் கணக்கு புரளும். இரட்டை 4 ஓம் இரண்டு வாங்கினால் நான்கு காயிலையும் பேரலலில் கட்டி 1 ஓம் பெறலாம். ஒவ்வொரு வூஃபருக்குள்ளும் சீரிஸில் கட்டி 8 ஆக்கி, அந்த இரண்டு 8-ஐயும் பேரலலில் சேர்த்தால் 4 ஓம். எல்லாமே சீரிஸ் என்றால் 16. இரட்டை 2 ஓம் இரண்டு வாங்கினால் கிடைப்பவை 0.5, 2, 8. இதில் 1 இல்லவே இல்லை. 1 ஓம் ஆம்ப்ளிஃபயரை வைத்துக்கொண்டு ஒற்றை வூஃபருக்கு இரட்டை 2 ஓம் வாங்கியவர், பிறகு அதே மாதிரி இன்னொன்றை வாங்கி எல்லாவற்றையும் பேரலலில் கட்டுவார். லோடு 0.5 ஆகிவிடும். பாட்டும் பாடும். குறைந்த சத்தத்தில் பல நாள்கூடப் பாடும். ஒரு வெயில் நாளில் வால்யூமை ஏற்றும்போது ஆம்ப்ளிஃபயர் தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிட்டதைக் காட்டும் சிவப்பு புரொடெக்ட் விளக்கு எரியும், அல்லது கருகல் வாடை வரும். “நேற்று வரை நன்றாகத்தானே இருந்தது” என்பதற்குக் காரணம் இதுதான்.

சுருக்கமாக: லேபிள் எண் ஒரு காயிலுக்கு உரியது, ஆம்ப்ளிஃபயர் பார்ப்பது எல்லாக் காயிலும் சேர்ந்த கடைசி எண்ணை. கட்டி முடித்ததும், ஆம்ப்ளிஃபயரில் செருகும் முன், இரண்டு வயர் முனைகளிலும் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். 2 ஓம் எதிர்பார்த்தால் 1.6 முதல் 1.9 வரை காட்ட வேண்டும். மீட்டரின் சொந்த வயருக்கே சில பத்திலொரு ஓம் தடை இருக்கும். முனைகள் இரண்டையும் ஒன்றோடொன்று தொட்டுப் பார்த்து, வரும் எண்ணைக் கழித்துக்கொள்ளுங்கள்.

ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கம் செய்யும் குழப்பம்

மோனோபிளாக் என்பது ஒரே சானல் கொண்ட, சப்வூஃபருக்கென்றே செய்த ஆம்ப்ளிஃபயர். அதன் பின்னால் பல மாடல்களில் இரண்டு பிளஸ், இரண்டு மைனஸ் முனைகள் இருக்கும். இரண்டு சானல் என்று தோன்றும். இல்லை, உள்ளே அவை ஒன்றாகவே பேரலலில் சேர்ந்திருக்கின்றன, வயர் சொருக வசதிக்காக மட்டும். ஒரு ஜோடியில் 2 ஓம், மறு ஜோடியில் 2 ஓம் மாட்டினால் ஆம்ப்ளிஃபயர் பார்ப்பது 1 ஓம்.

இரண்டு சானல் ஆம்ப்ளிஃபயரை ‘பிரிட்ஜ்’ செய்வது வேறு விஷயம். இரண்டு சானலும் ஒரே வூஃபரை ஆளுக்கொரு பக்கமாகத் தள்ளி இழுக்கும். வூஃபரில் விழும் வோல்ட் இரண்டு மடங்காகும். ஆனால் ஒவ்வொரு சானலும் லோடில் பாதியைத்தான் பார்க்கும்: 4 ஓம் பிரிட்ஜ் செய்தால் சானலுக்கு 2 ஓம். அதனால்தான் சாதாரணமாக 2 ஓம் தாங்கும் ஆம்ப்ளிஃபயருக்குப் பிரிட்ஜில் 4 ஓம் எல்லை என்று எழுதியிருப்பார்கள். பிரிட்ஜ் செய்ய எந்தப் பிளஸ், எந்த மைனஸ் என்பது ஆம்ப்ளிஃபயரின் மேலேயே கோடு போட்டுக் காட்டியிருக்கும். ஊகித்துச் செருகாதீர்கள்.

பிளஸ் மைனஸ் மாறினால்

இரண்டு வூஃபரில் ஒன்றுக்கு மட்டும் வயர் மாறிவிட்டால், ஒன்று வெளியே தள்ளும்போது மற்றது உள்ளே இழுக்கும். காற்று அழுத்தம் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், பாஸ் மெலிந்துபோகும். இரட்டைக் காயில் வூஃபருக்குள் ஒரு காயில் மாறினால் நிலைமை இன்னும் மோசம்: இரண்டு காயிலும் ஒரே கூம்பை எதிரெதிராக இழுக்கும். கூம்பு அசையாது, காயில் மட்டும் சூடாகும். அசைவு இருந்தால்தான் காயிலைச் சுற்றிக் காற்று ஓடிக் குளிரும்.

சந்தேகம் வந்தால், ஆம்ப்ளிஃபயரிலிருந்து கழற்றிவிட்டு, 1.5 வோல்ட் பேட்டரி ஒன்றை வயரின் முனைகளில் ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். பேட்டரியின் பிளஸ் வயரின் பிளஸில் இருந்தால் கூம்பு வெளியே நகர வேண்டும். எல்லா வூஃபரும் ஒரே பக்கம் நகர வேண்டும்.

பேட்டரிப் பக்கம்: ஃபியூஸ், வயர், எர்த்

500 வாட் மோனோபிளாக் எவ்வளவு கரண்ட் இழுக்கும்? பெரும்பாலான மோனோபிளாக்குகள் கிளாஸ் டி வகை, சுமார் 80 சதவீதத் திறன். 500-ஐ 0.8-ஆல் வகுத்தால் 625 வாட். எஞ்சின் ஓடும்போது காரின் மின் அழுத்தம் ஏறக்குறைய 13.8 வோல்ட். வகுத்தால் 45 ஆம்பியர். டிக்கி வரை 5 மீட்டர் வயர் என்றால் 8 கேஜ், அதாவது சுமார் 8 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில், போகும் வழியிலேயே அரை வோல்ட் அளவுக்கு இழப்போம். 4 கேஜ், அதாவது சுமார் 21 சதுர மில்லிமீட்டரில் அது 0.2 வோல்ட்டுக்குள் அடங்கும். 4 கேஜ் போடுங்கள். செம்பு பூசிய அலுமினிய வயர் என்றால் ஒரு படி பெரிதாக எடுங்கள், அலுமினியம் அவ்வளவு நன்றாகக் கரண்டைக் கடத்தாது. வெளித்தோல் தடிமனாக இருப்பதைப் பார்த்து ஏமாறாமல், வெட்டிய முனையில் உலோகம் எவ்வளவு என்று பாருங்கள்.

ஃபியூஸ் ஆம்ப்ளிஃபயரைக் காக்க என்று பலர் நினைக்கிறார்கள். பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்கும் ஃபியூஸ் காப்பது வயரை. விபத்திலோ உரசலிலோ தோல் கிழிந்து வயர் காரின் உடலைத் தொட்டால் பல நூறு ஆம்பியர் பாயும், வயர் சிவந்து தீப்பிடிக்கும். ஃபியூஸ் டிக்கியில் இருந்தால் அதற்கு முன்னால் உள்ள நான்கு மீட்டர் வயருக்குக் காவல் இல்லை. பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் இருக்கட்டும். அளவு: ஆம்ப்ளிஃபயரிலேயே உள்ள ஃபியூஸ்களைக் கூட்டுங்கள், இரண்டு 30 இருந்தால் 60 ஆம்பியர். வயர் தாங்கும் அளவை ஒருபோதும் தாண்டக் கூடாது. எஞ்சின் அறையிலிருந்து உள்ளே வரும் தகட்டு ஓட்டையில் ரப்பர் வளையம் இல்லாமல் வயரை இழுக்காதீர்கள், அந்தத் தகட்டு விளிம்பு கத்திக்குச் சமம்.

எர்த் வயர் பவர் வயரின் அதே தடிமனில், 45 சென்டிமீட்டருக்குள், காரின் உலோக உடலில் சேர வேண்டும். பெயின்ட்டைச் சுரண்டி வெறும் உலோகம் தெரியும்படி செய்து, லக், அதாவது வயர் முனையில் அழுத்திப் பொருத்தும் உலோக வளையம், வைத்துப் போல்ட்டால் இறுக்குங்கள். துளை போடும் முன் கீழே பெட்ரோல் டேங்கோ பிரேக் குழாயோ இல்லை என்று குனிந்து பாருங்கள். சீட் பெல்ட் போல்ட்டைத் தொடாதீர்கள். ஸ்டீரியோவில் எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் கீச்சொலி கேட்டால் முதலில் சந்தேகப்பட வேண்டியது எர்த்தைத்தான். அடுத்தது, ஸ்டீரியோவிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் பாட்டுச் சிக்னலைக் கொண்டுவரும் ஆர்சிஏ வயரைப் பவர் வயரோடு ஒட்டி ஓட்டியிருப்பது. ஒன்றைக் காரின் இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் கொண்டுபோங்கள்.

ரிமோட் வயர் மெல்லியது. ஸ்டீரியோ ஆன் ஆனதும் ஆம்ப்ளிஃபயரை எழுப்பும் சைகை அதில் போகிறது. இதை நேராகப் பேட்டரியில் கொடுத்தால் ஆம்ப்ளிஃபயர் தூங்கவே தூங்காது, காலையில் கார் ஸ்டார்ட் ஆகாது.

இந்த வேலை முழுவதும் பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றி வைத்தபடியே நடக்க வேண்டும். கடைசியாக மாட்ட வேண்டியது அதுதான்.

கெயின் வால்யூம் அல்ல

கெயின் என்பது ஸ்டீரியோ தரும் சிக்னலுக்கும் ஆம்ப்ளிஃபயரின் முழுத் திறனுக்கும் இடையே பொருத்தம் செய்யும் திருகு. அதை முழுதாகத் திருப்பினால் பவர் கூடாது. அலையின் உச்சி வெட்டுப்படும், அதற்குத்தான் கிளிப்பிங் என்று பெயர். வெட்டுப்பட்ட அலை காயிலில் தேவையற்ற சூட்டை ஏற்றும்.

எவ்வளவு வைப்பது என்பதற்கும் கணக்கு உண்டு. வேண்டிய வாட்டையும் லோடு ஓமையும் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். 500 வாட், 2 ஓம் என்றால் பெருக்கினால் 1000, வர்க்கமூலம் 31.6 வோல்ட். வாட் என்று இங்கே எடுத்துக்கொள்ள வேண்டியது ஆர்எம்எஸ் எண், அதாவது தொடர்ந்து தாங்கும் பவர். பெட்டியில் பெரிதாக அச்சிட்ட ‘மேக்ஸ்’ எண்ணை மறந்துவிடுங்கள். ஆம்ப்ளிஃபயர், வூஃபர் இரண்டின் ஆர்எம்எஸ்ஸில் எது குறைவோ அதை எடுங்கள்.

வூஃபர் வயரைக் கழற்றுங்கள். பாஸ் பூஸ்ட், ஈக்வலைசர் எல்லாம் பூஜ்ஜியம். லோ பாஸ் ஃபில்டரை, அதாவது அடிநாதத்தை மட்டும் உள்ளே விடும் வடிகட்டியை, மேலே ஏற்றி வைத்துக்கொள்ளுங்கள். கெயினை அடி வரை இறக்குங்கள். ஸ்டீரியோவை முக்கால் வால்யூமில் வைத்து, 0 டெசிபல் அளவில் பதிந்த 50 ஹெர்ட்ஸ் ஒலியை ஓட்டுங்கள். மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் முனைகளில் பிடித்து, 31.6 வரும்வரை கெயினை மெல்லத் திருப்புங்கள். அங்கேயே விட்டுவிடுங்கள். பிறகு எல்லாவற்றையும் அணைத்து வூஃபரை மாட்டி, லோ பாஸ் ஃபில்டரை 80 ஹெர்ட்ஸ் சுற்றில் இறக்கிக்கொள்ளலாம்.

அரை மணி நேரம் நல்ல சத்தத்தில் பாட விட்டு, அணைத்த கையோடு ஃபியூஸ் கூடு, எர்த் லக், ஸ்பீக்கர் முனைகள் மூன்றையும் விரலால் தொட்டுப் பாருங்கள். ஆம்ப்ளிஃபயரின் உடல் சூடாக இருப்பது இயல்பு. இந்த மூன்றில் ஏதாவது சுட்டால் அங்கே இணைப்பு தளர்ந்திருக்கிறது. பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு, அந்த முனையை வெட்டிப் புதிதாக லக் அடித்து இறுக்குங்கள்.